முதுகுத் துணை

அகரத்திலிருந்து நடந்து வந்த அன்னாள் அந்தப் புகையிலைக் கிட்டங்கிக்குள் நுழைந்தபோது, திண்டுக்கல் வானம் காலையிலேயே இருட்டிக்கிடந்தது. ஐந்தாம் மாசத்து வயிற்றைக் கொசுவத்துக்குள் மறைத்திருந்தாள். தெரிந்தால் மேஸ்திரி கண்ணுசாமி விரட்டிவிடுவான். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

சன்னலற்ற கூடம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெண்கள் இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்ந்து, இலையின் நரம்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாயக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். இருட்டும்வரை இடுப்பு தாங்க வேண்டுமே, அதற்கு அவர்களாகக் கண்ட வழி இது.

"கடைசியில போய் உக்காரு. திரும்பிப் பாத்துக் கதை பேசினா வெளிய போயிரணும்" என்றான் மேஸ்திரி.

தூணோரம் தனியாக உட்கார்ந்தாள். நெடி தொண்டையை அறுத்தது. வயிற்றில் பிள்ளை விடிந்ததிலிருந்து அசையவே இல்லை.

மதியத்துக்குமேல் பின்னால் ஒரு முதுகு வந்து சாய்ந்தது.

துணைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று அவள் மனம் இளகியது. அந்த முதுகு காய்ச்சலாய்க் கொதித்தது. பிறகு கனத்தது.

பிறகு சில்லிட்டது.

தூங்கிவிட்டாள், பாவம். விலகினால் சரிவாள், மேஸ்திரி பார்த்துவிடுவான். அன்னாள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"ஏன்டி இப்பிடிக் கூனிப்போய் இருக்க? மூட்டையா சுமக்குற?" பக்கத்து ஜக்கம்மாள் கிசுகிசுத்தாள்.

"மெல்லப் பேசுங்கக்கா. பின்னால அக்கா தூங்குறாங்க."

ஜக்கம்மாளின் கை இலையோடு நின்றது.

"உன் பின்னால யாருமில்லடி."

கூரையில் மழை இறங்கியது.

"பொன்னழகுன்னு ஒருத்தி இருந்தா. காய்ச்சல்னு லீவு கேட்டா. போனா திரும்ப வராதன்னுட்டான் அந்தப் பாவி. கூடச் சாஞ்சிருந்தவ, தூங்குறா போலன்னு பொழுதுக்கும் தாங்கிக்கிட்டே இருந்தா. எந்திரிச்சப்பத்தான் பொணமாச் சரிஞ்சா." ஜக்கம்மாளின் கண் அன்னாளின் கொசுவத்தில் பதிந்தது. "அவளும் உன்ன மாதிரி வயித்த மறைச்சுத்தான் வந்தா."

அன்னாள் எழுந்தாள்.

பின்னால் எதுவும் சரிந்து விழவில்லை.

"ஏய், எங்க? போனா திரும்ப வராத!"

"வரலய்யா."

மழையில் நடந்து, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். ஈரக்காற்று நெஞ்சுக்குள் போனது. அப்போதுதான் வயிற்றில் பிள்ளை உதைத்தது. "மாதாவே" என்று அழுதுவிட்டாள்.

முதுகில் இன்னும் குளிர்ந்து கிடந்த கனம் மெல்லப் புரண்டது. அவள் பக்கமாகத் திரும்பி, பின்னாலிருந்து அவளை ஒட்டி அணைத்தது.

அவள் முதுகில் அழுந்திய அந்த வயிற்றிலும் ஒரு சின்னக் கால் உதைத்தது.