சூப்பருக்குக் கடைசி நாள்

மதியச் சாப்பாட்டு நேரம். தூத்துக்குடி சொல்லாய்வகத்தில் ஆளாளுக்குத் தூக்குவாளியைத் திறந்தார்கள். யாரும் யாருடைய குழம்பையும் புகழவில்லை. புகழ வாயெடுத்துத் தடைபட்ட சொல் ஏதாவது வந்துவிட்டால், கழுத்தில் ஒட்டிய தொண்டைவில்லை கீச்சென்று கத்தும். எதற்கு வம்பு?

நிலத்தைத் தரிசு போடுகிற மாதிரி, புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன சொல்லையும் ஏழு வருஷம் யாரும் சொல்லாமல் தரிசு போடுவது அப்போதைய சட்டம். 'அருமை' போயிற்று, 'பிரமாதம்' போயிற்று, அப்புறம் 'சூப்பர்'. தவணை முடியும்போது பத்துப் பேருக்கு மட்டும் ஒருமுறை சொல்ல அனுமதி உண்டு. மணிக்கட்டில் மெய்மானி கட்டி, சொல் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறையாவது முள் தொண்ணூறைத் தொட்டால் சொல் பிழைக்கும். இல்லாவிட்டால் ஒரேயடியாக நீக்கம்.

சூப்பரின் கோப்பு ஜெயக்கனியிடம் இருந்தது. லத்தீனில் 'மேலே' என்று பொருள். ஆங்கில வியாபாரிகள் முதல்தரச் சரக்குக்கு வைத்தார்கள். நம் ஆட்கள் மாப்பிள்ளையிலிருந்து மீன்குழம்புவரை எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டாள். ஆனால் சோதனையில் ஒன்பது பேர் தோற்றிருந்தார்கள். அடப்பாவிகளா, சோற்றில் கை வைக்கும் முன்பே 'சூப்பர்' என்றால் முள் எப்படி ஏறும்? பன்னிரண்டைத் தாண்டவில்லை. பத்தாவது ஆள் வரவேயில்லை. அந்த இடத்தில் தன் பெயரையே எழுதி, மெய்மானியைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலை ஐந்து மணிக்குக் கெடு.

எதிரே மெஸ் நடத்தும் அவள் கணவன் லிங்கதுரை, வழக்கம்போலச் சாப்பாட்டோடு வந்தான்.

"கனி, மெஸ்ஸ மூடிருவோமா?" என்றான். "ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். நான் ஆக்குதது சோறா மண்ணான்னே எனக்குத் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷமாக அவளும் தலையைத்தானே ஆட்டினாள்!

கை கழுவ மெய்மானியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவன் அதை விளையாட்டாகத் தன் கையில் கட்டிக்கொண்டான். பசியில் அவள் கவனிக்கவில்லை. சீலா மீனைப் பிய்த்துக் குழம்பில் புரட்டி வாயில் வைத்தாள். புளியும் தேங்காயும் நாக்கில் இறங்கின. கெடு, கோப்பு எல்லாம் மறந்து போயிற்று.

"ஏங்க... சூப்பர்ங்க!"

சொன்ன பிறகுதான் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். ஐயோ, போச்சே!

"இங்க பாரு கனி, இது என்ன இந்தக் குதி குதிக்கு?" என்றான் லிங்கதுரை. அவன் கையில் முள் தொண்ணூற்றெட்டில் நின்றது.

மேலதிகாரி அந்தோணி ஓடிவந்தார். "மெய்மானிய சொல்லுதவங்க கையிலல்லா கட்டணும்?"

"யாரு கையிலன்னு சட்டத்துல எழுதலையே சார்," என்றாள் ஜெயக்கனி. "கேக்குதவங்க கையில கட்டாம, இத்தன வருஷமா நாமதான் ஆள மாத்திக் கட்டியிருக்கோம்."

அவர் சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே சூப்பரின் கோப்பில் 'பிழைத்தது' என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் மெய்மானியைக் கேட்டுக் கை நீட்டினாள். லிங்கதுரை மணிக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"கழட்டாத கனி. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."