காந்தம் ஒட்டாத எஞ்சின்

"யோகராஜாவின்ரை செத்த வீட்டுக்கு நான் போகேல்லை, தங்கச்சி. போயிருக்க வேணுமோ எண்டதை நீங்கள்தான் கண்டுபிடிச்சுச் சொல்ல வேணும்" என்றார் பாலச்சந்திரன்.

பத்மினி சுவிஸின் லாங்கன்தால் நகரில் விபத்து வாகனங்களைச் சோதித்துக் காப்புறுதிக்காரருக்கு அறிக்கை கொடுப்பவர். ஓய்வு பெற்ற கணவர் மரியதாஸ் எங்கும் கூடவே போவார்.

பாலச்சந்திரனும் யோகராஜாவும் அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கமாரோ கார் ஒன்றைச் சேர்ந்து வாங்கி, பழைய விமான ஓடுபாதையில் நடக்கும் நேர்கோட்டுப் பந்தயங்களில் ஓட்டியவர்கள். ஸ்டாக் வகுப்பு. தொழிற்சாலையில் பூட்டிய பாகங்களே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வருடக்கணக்காகத் தோற்று, ஒரு கோடையில் வென்றார்கள். வென்ற காரைச் சோதித்த அதிகாரி எஞ்சினின் மேலிருந்து அதற்குள் காற்றைச் செலுத்தும் மனிஃபோல்டில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. தொழிற்சாலை பூட்டிய இரும்புக்குப் பதிலாக, எஞ்சினின் அதே செம்மஞ்சள் நிறம் பூசிய, பாரம் குறைந்த அலுமினியம். வெற்றி பறிபோனது. இருவருக்கும் வாழ்நாள் தடை.

"பந்தயத்துக்கு முதல் நாள் இரவு காரோட தனியப் படுத்தவன் அவன். அவன்தான் மாத்தினவன். கேட்டன், வாயே திறக்கேல்லை. அதோட அவனோட கதைக்கிறதை விட்டிட்டன்."

"அப்ப அவர்தான்" என்றார் மரியதாஸ்.

"காரைப் பாப்பம்" என்றார் பத்மினி.

வீட்டுக் கராஜில் காரை மூடியிருந்த படங்கை விலக்கி பொனட்டைத் திறந்தவன் பாலச்சந்திரனின் மகன் நிருசன். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை என்றார் தகப்பன். பத்மினி டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, ஸ்பானர் போட்டால் போல்ட்டின்ரை தலையில பெயின்ட் உரியும். இதில உரியேல்லை. மனிஃபோல்ட், போல்ட், எஞ்சின் எல்லாத்துக்கும் மேலால ஒரே படையாப் போகுது. இதைப் பூட்டின பிறகுதான் முழு எஞ்சினுக்கும் பூசியிருக்கு. எப்ப பூசினது?"

"வெண்ட கோடைக்கு முந்தின மாரியில. யோகராஜா அப்ப எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் வேலை, வரவே இல்லை. எனக்குக் கை முறிஞ்சிருந்தது. அதால..."

அவர் நிறுத்தினார். மரியதாஸ்தான் முதலில் நிருசனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் தோத்துப்போட்டு வந்து கிழமைக்கணக்கா ஒருத்தரோடையும் கதைக்கமாட்டியள், அப்பா" என்றான் நிருசன். "ஒருக்கா வெண்டால் காணும் எண்டு நினைச்சன்."

"யோகராஜாவுக்குத் தெரியுமோ?" என்று பத்மினி கேட்டார்.

"அண்டைக்கே விளங்கிட்டுது. 'நீ வாய் திறவாதை. கொப்பர் உன்னை மன்னிக்கமாட்டார், என்னை மன்னிப்பார்' எண்டார்."

பின்னேரம் தகப்பனும் மகனும் யோகராஜாவின் வீட்டுக்குப் போனார்கள். மனைவி ஞானேஸ்வரி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"கடைசி மாதம் ஆஸ்பத்திரியில கதவைப் பாத்தபடி கிடந்தவர்" என்றார். "இப்ப ஆரிட்டைச் சொல்ல வந்தனீங்கள்?"

கதவு சாத்தப்பட்டது. நிருசன் தகப்பனின் தோளில் கை வைத்தான். பாலச்சந்திரன் அதை எடுத்துவிட்டுத் தனியே படியிறங்கினார்.