சிவப்பு உறையின் மேல் பச்சை முத்திரை

ரென்ஸ்கெ பொப்பெ கதவை ஒருமுறை தட்டினாள். இரண்டாம் முறை தட்டப் பொறுமையில்லாமல் உள்ளேயே வந்துவிட்டாள். கூடவே அக்டோபர் மாதக் கடற்காற்றும் வந்து, மேசையிலிருந்த செய்தித்தாளைத் தூக்கி டிக்னஸின் காப்பிக்குள் போட்டது.

“இன்னிக்குச் சாயங்காலம் என் பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்க விஸ்ஸெம்மா. நான் செய்யாத தப்புக்கு.”

டிக்னஸ் பாய்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃப்ளிஸிங்கன் சாலைகளில் ஆயுள் முழுக்கப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி ஓய்வு பெற்ற போலீஸ்காரர் அவர். தப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாக விசிலைத் தேடும். வீட்டுக்காரி கிளாசினா விஸ்ஸெ நேர் எதிர். மூழ்கிய கப்பல்களைப் பார்த்து, கடல் மூழ்கடித்ததா முதலாளியே மூழ்கடித்தாரா என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சொல்வது அவருடைய பழைய தொழில். எதற்கும் அவசரப்பட மாட்டார். மூழ்கிய கப்பல் எங்கே ஓடிவிடப் போகிறது?

“பல் டாக்டர் மினார்ட் விஷயமா?” என்றார் கிளாசினா.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் போகும் பட்டச் சறுக்கைச் சனிக்கிழமை ரென்ஸ்கெயிடம் கற்கப் போன டாக்டரை, அவர் பிடித்திருந்த பட்டமே இழுத்துக்கொண்டுபோய் அணைக்கரைக் கருங்கல்லில் மோதியது. கை முறிந்தது. தலை தப்பியது.

“சிவப்பு உறையைத் தள்ளினேன், ஆபத்துல பட்டத்தைக் கழட்டிவிடுற ரிலீஸ் திறக்கலைன்னு டாக்டர் சொல்றார். கிளப் தலைவர் எல்லாரையும் கூட்டிவச்சு அதே ரிலீஸைத் திறந்து காட்டினார். விரல் பட்டாலே ‘டக்’னு திறக்குது. அப்போ டாக்டர் தள்ளவே இல்லை, நான் தள்ளச் சொல்லிக் கொடுக்கலைன்னு தீர்ப்பு.”

“சொல்லிக் கொடுத்தியா?”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முதல்ல கைக்கம்பியை விடு. பட்டம் அடங்கலைன்னா இடுப்புக்கு முன்னால இருக்கிற சிவப்பு உறையை வெளிப்பக்கமாத் தள்ளு. வளையம் திறந்து, பட்டம் ஒத்தைக் கயித்துல செத்துப்போய் விழும். அதுக்கும் அடங்கலைன்னா கடைசிக் கயித்தையும் கழட்டு.”

“கடைசிக் கயித்தைக் கழட்டியிருக்கலாமே?” என்றார் டிக்னஸ். இரண்டு வருடமாக அவரும் இதைக் கற்கிறார். இதுவரை பட்டம்தான் அவரைப் பற்றி நிறையக் கற்றிருக்கிறது.

“ரெண்டாவது படி திறந்தால்தானே அண்ணே மூணாவது? வளையம் இடுப்புக் கொக்கியில மாட்டினபடியே இருந்தா எந்தக் கயித்தைக் கழட்டி என்ன?”

“கடல்ல இறக்கறதுக்கு முன்னால நீயே திறந்து பார்த்தியா?” கிளாசினா மெல்லக் கேட்டார்.

ரென்ஸ்கெ தலை குனிந்தாள். “இல்லை. முத்திரை ஒட்டியிருந்தது.”

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சான்ட்கெர்க் பட்டச்சறுக்குக் கிளப்பின் தலைவர் ரெய்னியர் ஃபான் ஹோகெலாண்டெ வருடந்தோறும் பாதுகாப்பு நாள் கொண்டாடுவார். மேயர் வருவார், பித்தளை வாத்தியம் வரும், தலைவர் ஆரஞ்சுச் சட்டையில் வருவார். மணலில் நின்றபடி ரிலீஸைத் திறந்து மூடிக் காட்டி, அதன் மேல் ‘சோதிக்கப்பட்டது’ என்ற பச்சைத்தாளைச் சுற்றி ஒட்டுவார். பிறகு ரிலீஸைத் திறந்தால் தாள் கிழியும். தாள் கிழிந்தால் அந்தக் கருவி கிளப் கரையில் இறங்கக் கூடாது. ஆகவே பாதுகாப்பு நாளுக்குப் பிறகு சான்ட்கெர்க்கில் யாரும் பாதுகாப்பைச் சோதிப்பதில்லை.

“போன வருஷம் மேயர் முன்னாடி ரிலீஸ் சிக்கிக்கிச்சே, ஞாபகமிருக்கா?” டிக்னஸ் சிரித்தார். “யாரோ ‘குறடு வேணுமா தலைவரே’ன்னு கத்தினான். மனுஷன் மூஞ்சி சட்டை நிறத்துக்கு மாறிடுச்சு.”

“இந்த வருஷம்?” என்றார் கிளாசினா.

“வெண்ணெய் மாதிரி திறந்தது. அவரோட தங்க நிறக் கைக்கம்பியில இருக்கிற ரிலீஸையும் காட்டினார், இவ பள்ளிக்கூடக் கம்பியில இருக்கிறதையும் காட்டினார். அன்னிக்கு மத்தியானம்தான் டாக்டருக்கு விபத்து.” சொன்னவர் துள்ளி எழுந்தார். “கண்டுபிடிச்சிட்டேன்! அந்தப் பச்சைத்தாள்தான் ரிலீஸைத் திறக்க விடாமப் பிடிச்சிருக்கு!”

“கல்லுல இருந்து டாக்டரைத் தூக்கும்போது நான் பார்த்தேன் அண்ணே. தாள் குறுக்கே கிழிஞ்சிருந்தது. உறை பாதி தூரம் நகர்ந்து நின்னுபோயிருந்தது.”

கிளாசினா காப்பியைக் கீழே வைத்தார். “அப்போ டாக்டர் தள்ளியிருக்கார். தாளும் தடுக்கலை. வேற ஏதோ பாதியில தடுத்திருக்கு. ரென்ஸ்கெ, கடல்ல இருந்து வந்ததும் கருவிகளை எங்கே கழுவுவீங்க?”

“எங்கேயும் இல்லை. பனியில வெடிக்கும்னு கரைக் குழாயெல்லாம் போன மாசமே மூடிட்டாங்க. எல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. நல்ல தண்ணி கிளப் சமையலறையிலதான். அதுக்குச் சாவி தலைவர்கிட்ட மட்டும்.”

அவர்கள் போனபோது டாக்டர் ஈசாக் மினார்ட் தன் வீட்டில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்து, மற்ற கையால் இலவங்கப்பட்டை போட்ட போலுஸ் இனிப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். தின்றால் பல் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அதே பண்டம்.

“ஒரு கயிறு கம்பியோட முனையில சுத்திக்கிச்சு. கம்பியை விட்டும் பட்டம் சுழண்டு சுழண்டு இழுத்தது. உறையைத் தள்ளினேன், கொஞ்சம் நகர்ந்து நின்னுது. ரெண்டு கையாலயும் தள்ளினேன். கடைவாய்ப் பல்லே இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது அம்மா. பயத்துல தள்ள மறந்துட்டேன்னு சொல்றாரே அந்த ஆரஞ்சுப்பழம்!”

அவர் அன்று போட்டிருந்த மஞ்சள் மிதவைச் சட்டை கொடியில் தொங்கியது. வயிற்றுப் பக்கம் கருப்பாக ஒரு தீற்றல். கிளாசினா அதை விரலால் தேய்த்து முகர்ந்தார். நெறுநெறுவென்று மணல் பட்டது.

“சைக்கிள் சங்கிலி மசகு,” என்றார் டிக்னஸ் உடனே. கால்சட்டை ஓரத்தில் அந்தக் கறை படாத ஆள் ஹாலந்தில் கிடையாது.

“நான் அன்னிக்குக் கார்லதான் போனேன்,” என்றார் டாக்டர்.

“சைக்கிள்ல போயிருந்தாலும் சங்கிலி வயித்துல உரசாது,” என்று கிளாசினா சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிளப்பில் தலைவர் அவர்களை நின்றபடியே வரவேற்றார். உட்கார்ந்தால் உயரம் குறைந்துவிடும் என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு.

“பாதுகாப்புன்னா ஒழுங்கு. ஒழுங்குன்னா இந்தக் கிளப்,” என்று ஒரு பையை மேசையில் வைத்தார். வாய்ப்பக்கம் அரக்கும், அதன் மேல் அவருடைய கையெழுத்தும் இருந்தன. “கல்லுல இருந்து எடுத்ததும் நானே வாங்கிவச்சேன். என்னைத் தவிர ஒருத்தர் தொடலை. கடல்ல இருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கு.”

“எல்லாருக்கும் திறந்து காட்டினீங்களே?”

“என் கையால. திரும்ப என் கையால முத்திரை வச்சேன்.”

கிளாசினா பையைப் பிரித்தார். கயிறுகளில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கைக்கம்பியின் மேல் நாக்கின் நுனியை வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தது. தலைவரின் புருவம் மேலே ஏறியது. பிறகு சிவப்பு உறையின் மேல் நாக்கை வைத்தார். முகம் வேறு விதமாகச் சுளித்தது.

“பச்சைத்தாள் எங்கே?”

“கடல் தண்ணியில ஊறி விழுந்திருக்கும்.”

“ஓ.” கிளாசினாவின் பார்வை சுவருக்குப் போனது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் தலைவரின் தங்க நிறக் கம்பி பச்சை முத்திரையோடு பளபளத்தது. “இது எப்ப கடலுக்குப் போகும்?”

“அது மாதிரிக்கு வச்சது. பார்வைக்கு மட்டும்.”

“சாயங்காலம் கூட்டத்துக்கு அதையும் கொண்டுவரச் சொல்லுங்க.”

கூட்டம் படகுக் கொட்டகையில் நடந்தது. விபத்தை விசாரிக்கும் மூன்று பேர் குழுவுக்குத் தலைவியாக ரொட்டிக்கடை யாக்கோபா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் ரென்ஸ்கெ. உத்திரத்திலிருந்து டிக்னஸ் ஒரு தடித்த கயிற்றைத் தொங்கவிட்டு, கீழே பழைய மெத்தையை விரித்திருந்தார்.

“என்ன இது, சர்க்கஸா?” என்றார் தலைவர்.

“சோதனை,” என்றார் கிளாசினா. “நீங்க மணல்ல நின்னு, கையில பிடிச்சுத் திறந்து காட்டுறீங்க. அப்போ அதுல என்ன பாரம் இருக்கு? உங்க கௌரவம் மட்டும்தான். கடல்ல ஒரு மனுஷனோட முழு எடையும், அதுக்கு மேல காத்தோட இழுப்பும் அந்த வளையத்துல தொங்குது. திறக்க வேண்டியதும் அந்த நேரத்துலதான். உங்க தங்கக் கம்பியை மாட்டித் தொங்கிக் காட்டுங்க தலைவரே.”

“இதுக்கு அவசியம்...”

“சோதிக்கப்பட்டதுன்னு நீங்கதானே ஒட்டினீங்க?” என்றாள் யாக்கோபா. “பயமா இருக்கா?”

மறுத்தாலும் வம்பு, ஏறினாலும் வம்பு. தலைவர் குழுவைப் பார்த்தார். குழு தலைவரைப் பார்த்தது. இடுப்புப் பட்டையைக் கட்டி, ஸ்டூலில் ஏறி, கயிற்றில் கட்டிய தங்கக் கம்பியின் வளையத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டார். டிக்னஸ் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஸ்டூலை இழுத்தார். தலைவர் தொங்கினார்.

உறையைத் தள்ளினார். பச்சைத்தாள் ‘சர்’ என்று கிழிந்தது. உறை பாதி தூரம் போய் நின்றது. இன்னொரு கையும் சேர்த்துத் தள்ளினார். முகம் போன வருட நிறத்துக்கு வந்தது.

“இதேதான்!” டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். “இதேதான் எனக்கும்!”

“இறக்குங்க என்னை!”

“கொஞ்சம் பொறுங்க. கதை சின்னதுதான்,” என்று கிளாசினா பெஞ்சில் உட்கார்ந்தார். “போன வருஷ அவமானம் மறுபடி வரக் கூடாதுன்னு ரெண்டு ரிலீஸுக்கும் சங்கிலி மசகு போட்டிருக்கார். எண்ணெய் படவே கூடாத இடம் அது. மேயர் முன்னாடி வழுக்கித் திறந்தது. திறந்த ரிலீஸ் மணல்ல விழுந்தது. மசகு மணலைப் பிடிச்சுக்கிச்சு. அதை அப்படியே மூடித் தாளை ஒட்டினார். அதுக்கப்புறம் யாரும் திறந்து பார்க்க முடியாது. வெறும் மணலா இருந்திருந்தா கடலே கொஞ்சம் கழுவியிருக்கும். மசகுல ஒட்டின மணலைக் கடல் தொடலை. பாரம் ஏறினதும் இறுகிடுச்சு. மிச்சம் டாக்டரோட சட்டையில இருக்கு.” மஞ்சள் சட்டையை விரித்துக் காட்டினார்.

“ஆனா பையில இருந்த ரிலீஸ் சுத்தமா இருந்ததே?” என்றாள் யாக்கோபா.

“அதுதான் தப்பாப் போச்சு. கம்பி உப்புக் கரிச்சது, கயிறு உப்புப் பூத்திருந்தது. உறையில மட்டும் உப்பு இல்லை, பாத்திரம் கழுவுற எலுமிச்சைச் சோப்பு ருசி. தாளும் தேய்ச்சதுல போயிடுச்சு. கடல்ல சோப்பு கிடையாது. நல்ல தண்ணி இருக்கிறது ஒரே சமையலறை. அதுக்கு ஒரே சாவி. வேற யாரும் தொடலைன்னு அரக்கு வச்சுச் சொன்னவரும் அவரேதான். சுவத்துல மாட்டின கம்பி கடலுக்கே போகாதுன்னு அதைக் கழுவ மறந்துட்டார்.”

பெஞ்சிலிருந்த எல்லார் கண்ணும் மேலே போனது.

“யாருக்கும் அடிபடும்னு நான் நினைக்கலை,” என்றார் தலைவர் மேலேயிருந்து, முதல்முறையாகச் சின்னக் குரலில். “கையில திறந்துச்சே... அடிபட்ட பிறகு சொல்லத் தைரியம் வரலை.”

“அதனால என் தலையில கட்டினீங்க,” என்றாள் ரென்ஸ்கெ.

யாக்கோபா மற்ற இருவரையும் பார்த்தாள். மூன்று கைகள் உயர்ந்தன. “பள்ளிக்கூடம் தொடரும். பச்சைத்தாள் இனிமே கிடையாது. தலைவர் பதவியைப் பத்தி அவர் தரைக்கு வந்ததும் பேசுவோம்.”

ரென்ஸ்கெ வெளியே போய் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரோடு வந்தாள். ஸ்டூலில் ஏறி, பல் தேய்க்கும் பிரஷ்ஷை உறைக்குள் விட்டுத் தேய்த்து, வாளியைக் கவிழ்த்தாள். கருப்புக் குழம்பு ஆரஞ்சுச் சட்டையில் வழிந்தது. கீழே இறங்கி ஸ்டூலை நகர்த்தினாள்.

“இப்ப தள்ளுங்க. வெளிப்பக்கமா. ரெண்டு கையாலயும்.”

தள்ளினார். ‘டக்’ என்றது. தலைவர் மெத்தையில் பொத்தென்று விழுந்தார்.

ரென்ஸ்கெ குனிந்து, அடி ஏதும் இல்லையே என்று கையையும் காலையும் அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு திறந்த வளையத்தை ஒரு மணல்துகள்கூட இல்லாமல் துடைத்து, மூடி, அவரிடமே நீட்டினாள்.

“முதல் பாடம் இதுதான்,” என்றாள். “மறுபடி ஏறுங்க.”