பெட்ரோல் பங்கில் நின்ற சைக்கிள்

வாலுவின் சைக்கிள் மறுபடியும் பெட்ரோல் பங்கில் போய் நின்றது.

பள்ளிக் கண்காட்சிக்காக அவளும் தோழி டமாரமும் கணினியில் செய்த விளையாட்டில் ஓடும் சைக்கிள் அது. அந்தச் சைக்கிளின் படத்தை வரைந்தது மூன்றாம் வகுப்பில் படிக்கும் வாலுவின் தங்கை. தன் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் அந்தக் கூட்டம் வந்துவிடும்.

காரும் ஸ்கூட்டரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பின. டேங்க் நிறைந்தால்தான் கிளம்ப வேண்டும் என்பது கட்டளை. டேங்கே இல்லாத சைக்கிள் எப்படிக் கிளம்பும்?

டமாரம் தன் வெண்கலக் குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னாள். "சைக்கிளைத் தூக்கிடுவோம். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிக்கலாம்."

"முடியாது. தங்கச்சி ஆசையா வருவாடி. ஓட வெச்சுட்டுதான் எந்திரிப்பேன்."

சைக்கிளிடம் மட்டும் 'பெட்ரோல் போடாதே' என்று எழுதிப் பார்த்தாள் வாலு. சைக்கிள் ஓடியது. ஆனால் பின்னாலேயே வந்த தள்ளுவண்டி பங்கில் நின்றுகொண்டது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. இப்படி ஒவ்வொன்றிடமும் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்க முடியுமா?

வாலு தலையைச் சொறிந்தாள். கணினியில் ஒரு பொருள் என்னென்ன வைத்திருக்கும், என்னென்ன செய்யும் என்று முதலில் ஒரு மாதிரி எழுத வேண்டும். அதற்குக் கிளாஸ் என்று பெயர். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறக்க வைத்தால், அம்மாவிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்.

அவள் முதலில் எழுதியது காருக்கு. பிறகு சோம்பல்பட்டு, அதன் பெயரை மட்டும் 'வண்டி' என்று மாற்றி எல்லாவற்றுக்கும் அம்மாவாக்கிவிட்டாள். கோளாறு அங்கேதான். காரின் பெட்ரோல் கட்டளை சைக்கிளுக்கும் போய்விட்டது.

"பிள்ளைங்க மேல தப்பே இல்லடி," என்றாள். "அம்மாவைத்தான் சரி பண்ணணும். எல்லா வண்டிக்கும் பொதுவா என்ன இருக்கு?"

டமாரம் விரல்விட்டு எண்ணினாள். சக்கரம் உண்டு. ஓடும், நிற்கும். ஹாரன் தள்ளுவண்டிக்கு ஏது?

'வண்டி'யில் அந்த மூன்றை மட்டும் விட்டுவைத்தாள் வாலு. அதிலிருந்து 'எஞ்சின் வண்டி' என்று ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்து, பெட்ரோலையும் ஹாரனையும் அதனிடம் கொடுத்தாள். காரும் ஸ்கூட்டரும் அதன் பிள்ளைகளாயின. சைக்கிளும் தள்ளுவண்டியும் நேராக 'வண்டி'க்கே பிள்ளைகளாக நின்றன.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஓரிடத்தில் எழுத்துப்பிழை வந்து கணினி முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தேடித் திருத்தினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் வகுப்பு உள்ளே நுழைந்தது. வாலு பொத்தானை அழுத்தினாள்.

கார் பங்கில் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. காரைத் தாண்டி, திரையின் மறுகோடிவரை ஓடியது.

தங்கை தன் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? என் சைக்கிள் காரையே முந்திடுச்சு."