பாட்டு நின்ற இடம்

கோடைநேரத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய ஞாயிறு. நிரஞ்சலாவின் அடுப்படி மணிக்கூடு மட்டும் ஒரு மணி நேரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. அஜந்தினி சரியான நேரத்துக்கு வந்தாள். கையில் ஒரு கசெட்டும் அதைப் போட ஒரு பழைய ரேடியோவும் இருந்தன.

நிரஞ்சலா டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்ப்பவள். அடுத்தவர் பேசுவதைக் கேட்பதுதான் அவள் தொழில். தமிழ்க் குடும்பங்களில் பொலிசுக்குப் போக முடியாத சிக்கல் எதுவென்றாலும் அவளிடம் வரும். மேல்மாடி நரேஷ் ட்ரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்து, தேநீருக்காக உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலை. அலுவலக இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன்.

"அன்ரி, அப்பா பொய் சொல்லுறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றாள் அஜந்தினி.

"என்ன பொய்?"

"'புதன்கிழமைதான்' பாட்டு தன்ர எண்டுறார்."

நரேஷ் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தப் 'புதன்கிழமைதான்' பாட்டா?"

டென்மார்க்கில் அந்தப் பாட்டிடமிருந்து யாரும் தப்ப முடியாது. 1989இல் வந்த ரொக் பாட்டு. நடுவில் கீபோர்ட் மெல்ல மேலேறும். உச்சத்தில் எல்லாம் சட்டென்று நிற்கும். தகரத்தில் தட்டுவது போன்ற தாளம் மட்டும் கேட்கும். பிறகு பாடகர் பாடாமல், பேசுகிற குரலில் சொல்வார்: "புதன்கிழமைதான்." கிட்டார் பாதி மெட்டிலிருந்து தொடங்கும். சொந்த அணி கோல் வாங்கினால் மைதானம் முழுவதும் அந்த அமைதியைக் காத்து, பிறகு ஒரே குரலில் அந்த வரியைக் கத்தும். அந்த வரி காப்புறுதி விளம்பரத்தில் வந்தது. டீ-சேர்ட்டிலும் கோப்பையிலும் வந்தது. தமிழ்க் கல்யாணங்களில் டீஜே அதைப் போட்டால், ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் சிலைபோல நிற்பார்கள்.

ஏன் புதன்? எழுதிப் பாடிய யென்ஸ் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். ஒரு புதன்கிழமை அவரை விட்டுப்போன கள்ளக் காதலியைப் பற்றிய பாட்டு என்பது ஊர்ப்பேச்சு.

"போன வருசம் ஹ்விடோவ்ரேயில மச்சாளின்ர கலியாணம்" என்றாள் அஜந்தினி. "டீஜே இதைப் போட்டான். அப்பா எழும்பி, 'இது என்ர மெட்டு' எண்டார். ஒருத்தன் மைக்கைக் கொண்டுவந்து குடுத்தான். பாடுங்கோ ரொக் ஸ்டார் எண்டான். முழு ஹோலும் சிரிச்சது. நானும் அங்கதான் நிண்டனான்."

"பிறகு?"

"அதோட அவர் ஒரு இடமும் போறேல்லை. ஜூனில எனக்குக் கலியாணம். வீட்டில எல்லாச் சடங்கும் செய்வாராம், ஹோலுக்கு வரமாட்டாராம். தாரை வார்த்துக் குடுக்கிறது ஆர் அன்ரி?"

கசெட் அப்பாவின் அலுமாரிக்குள் கிடைத்திருந்தது. பாட்டின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சி ஒன்றை யென்ஸின் மகள் எமிலியா பிரெடெரிசியாவில் தயாரித்துக்கொண்டிருந்தாள். அஜந்தினி அவளிடம் கொண்டுபோனாள். எமிலியா மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தாள். புகழ்பெற்ற பாட்டை எல்லோரும் வாசித்துப் பார்ப்பார்கள் என்றாள்.

நிரஞ்சலா கசெட்டைப் போட்டாள்.

இரைச்சல். ஓர் இளைஞனின் குரல். "அம்மா, நாங்கள் சுகம். இப்ப ஒரு பாட்டு வாசிக்கிறம், கேளுங்கோ." கிட்டார் தொடங்கியது. யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். இன்னொருவன் முணுமுணுப்பாகச் சேர்ந்து பாடினான். மெட்டு சந்தேகமில்லாமல் அதே மெட்டு. பிறகு இரைச்சலுக்குப் பின்னால் நீண்ட ஓர் ஒலி மெல்ல மேலேறியது. கிட்டார் நின்றது. 'தொம்' என்று ஏதோ விழுந்தது. இரும்பு தரையில் இழுபட்டது. தகரத்தின் தாளம் மட்டும் நான்கைந்து தட்டு தொடர்ந்து, அதுவும் நின்றது. டேனிஷில் ஒரு குரல்: "புதன்கிழமைதான்." கொஞ்சம் பொறுத்துச் சிரிப்பு. கிட்டார் தயங்கித் தயங்கிப் பாதி மெட்டிலிருந்து தொடங்கியது.

நரேஷ் தலையைச் சொறிந்தான். "ஸாரிங்க. எமிலியா சொல்றதுதான் கரெக்ட். கீபோர்ட் ஏறுது, அதே இடத்துல நிக்குது, அதே வரி வருது. மூணும் அப்படியே ரெக்கார்டுல இருக்கு. கேட்டுட்டு வாசிச்சிருக்காங்க."

"அம்மாவுக்கு எண்டு பதிஞ்ச கசெட், ஏன் இஞ்ச கிடக்குது?" என்றாள் நிரஞ்சலா.

"அனுப்ப மறந்திருப்பாரு."

"இருக்கலாம்" என்று அவள் ரேடியோவை நிறுத்தினாள். "எமிலியாவையும் கூப்பிடு பிள்ளை. அப்பாவின்ர வீட்டிலயே கதைப்பம்."

அஜந்தினியின் அப்பா கனகசபையின் வீடு கோல்டிங்கில். அறுபதை எட்டும் வயது. தொழிற்சாலை வேலையால் தோள்கள் முன்னால் வளைந்திருந்தன. சனிக்கிழமை மூன்று பேரும் போனபோது எமிலியா ஏற்கெனவே வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். முன்னால் தட்டில் வைத்த ரோல்ஸ் பலகாரத்தைத் தொடவில்லை.

"விசாரணையோ?" என்றார் கனகசபை. "கைவிலங்கு கொண்டு வந்தனியளோ?"

"அது நாளைக்கு, அண்ணை. இண்டைக்கு நாலு கேள்விதான்."

"நீ கேளாமல் போகமாட்டாய். கேள்."

"டென்மார்க்குக்கு எப்ப வந்தனீங்கள்?"

"எண்பத்தாறு ஒக்டோபர். எங்களை ஒரு பழைய விடுதியில வைச்சவங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின்ர அகதி முகாம்."

"கீபோர்ட் ஆர் வாசிச்சது?"

அவர் சிரித்தார். "கீபோர்டோ? சங்கத்துக்காரர் தந்த ஒரு கிட்டார். ஒரு பிஸ்கற் டின். அறையில நாலு இரும்புக் கட்டில். அவ்வளவும்தான் எங்கட ஓர்க்கெஸ்ட்ரா."

நரேஷ் நிமிர்ந்தான். "அப்போ அந்த ஏறுற சவுண்ட்?"

கனகசபையின் சிரிப்பு போய்விட்டது. யன்னல் பக்கம் பார்த்தார்.

"டின் அடிச்சது ஆர்?" என்று கேட்டாள் நிரஞ்சலா.

"பேக்கரியில இருந்து பாண் கொண்டு வாற பெடியன். வெள்ளையன். வாற நேரம் இருந்து தட்டிப்போட்டுப் போவான்."

"பேர்?"

"ஆர் கேட்டது? நாங்கள் பாண் எண்டுவம். அவன் எங்களைப் பார்த்துக் கிட்டார் எண்டுவான்."

"கடைசிக் கேள்வி. பாட்டை ஏன் நடுவில நிப்பாட்டினனீங்கள்?"

"நிப்பாட்டினம். அவ்வளவுதான்."

"அப்பா, சொல்லுங்கோவன்" என்றாள் அஜந்தினி.

"அவ்வளவுதான் எண்டு சொல்லிப்போட்டன்."

நிரஞ்சலா கசெட்டை ரேடியோவில் வைத்தாள். ஆனால் போடவில்லை. எமிலியாவுக்காக டேனிஷில் பேசத் தொடங்கினாள்.

"இந்தக் கசெட்டில் மூன்று விஷயங்கள் பாட்டோடு ஒத்துப்போகின்றன. அதனால் இது பாட்டின் நகல் என்று நினைத்தீர்கள். அந்த மூன்றையும் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அறையில் கீபோர்ட் இல்லை. அப்படியானால் அந்த ஏறும் ஒலி அறைக்கு வெளியிலிருந்து வருகிறது. எமிலியா, நீங்கள் எந்த வருடம் பிறந்தீர்கள்?"

"தொண்ணூற்று நான்கு."

"உங்களுக்கும் அஜந்தினிக்கும் அபாயச் சங்கு மே மாதத்தில் ஒரு நாள்தான் ஒலிக்கும். நரேஷ் அன்றைக்கும் ஹெட்போனோடு இருப்பார். அப்போது அப்படி இல்லை. வாரந்தோறும் சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும், நண்பகலில்."

எமிலியாவின் கை வாய்க்குப் போனது.

நரேஷ் தமிழில் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அப்போ விழுந்தது?"

"கிட்டார். இழுபட்டது கட்டில் கால்." நிரஞ்சலா தமிழுக்கு மாறினாள். "ஊரில எங்களுக்குச் சங்கு இல்லை. வானத்தால சத்தம் வந்தால் ஓடி ஒளியிறதுதான் தெரியும். பாடின ரெண்டு பேரும் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டினம். டின் அடிச்ச பெடியனுக்கு அந்தச் சத்தம் காதிலயே விழேல்லை, அது அவனுக்குப் பழகின சத்தம். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். பார்த்துப்போட்டு, குனிஞ்சு, தனக்குத் தெரிஞ்ச ஆறுதலைச் சொல்லியிருக்கிறான்."

"புதன்கிழமைதான்னு" என்றான் நரேஷ்.

"ஓம்."

"ஆனா அக்கா, சங்கு அடிச்சதுங்கறதால வருசம் ப்ரூவ் ஆகலையே. தொண்ணூறுலயும் புதன்கிழமை அடிச்சிருக்கும்ல? பாட்டு வந்தப்புறம் பதிஞ்சிருந்தா?"

"அடிச்சிருக்கும். ஆனால் தொண்ணூறில இவர் ஓடியிருக்கமாட்டார்." நிரஞ்சலா கனகசபையைப் பார்க்காமல் சொன்னாள். "நான் ஏழு வயசில வந்தனான். முதல் புதன் அம்மா என்னைச் சிங்குக்குக் கீழ தள்ளிப்போட்டு மேல படுத்தா. அடுத்த மாதம் சங்கு அடிக்க அடிக்க வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டா. அந்தப் பயம் சில கிழமைதான் இருக்கும். அண்ணை வந்தது எண்பத்தாறு ஒக்டோபர். கசெட் வந்த சில கிழமைக்குள்ள பதிஞ்சது. பாட்டு வந்தது எண்பத்தொன்பதில."

எமிலியாவுக்காக அதையே டேனிஷிலும் சொன்னாள்.  எமிலியா கசெட்டைக் காட்டினாள். நிரஞ்சலா போட்டாள். இப்போது எல்லோருக்கும் சங்கின் ஒலி தெளிவாகக் கேட்டது. கனகசபை எழுந்துபோய் யன்னலருகில் நின்றார்.

"புதன்கிழமைதான்" என்றது கசெட்.

"அப்பா" என்றாள் எமிலியா. "யாரோ அவரைப் போலச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்."

அவள் ரேடியோவை நிறுத்தினாள். பிறகு அவள் சொன்னாள், எண்பத்தாறின் கடைசி மாதங்களில் யென்ஸ் ஒரு பேக்கரியின் வண்டி ஓட்டினார். பத்தொன்பது வயது. குழுவெல்லாம் பிறகுதான். "மேடையில் அந்த இடம் வரும்போது அவர் எப்போதும் குனிவார். ஒரு முழங்காலை ஊன்றி, தரைக்குக் கிட்டப் போய்த்தான் அந்த வரியைச் சொல்வார். ரசிகர்கள் அதையும் செய்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்ததில்லை. யாரோ ஒரு பெண்ணின் முன் மண்டியிடுகிறார் என்று அம்மா நினைத்தார்."

நிரஞ்சலா மொழிபெயர்த்தாள். கனகசபை திரும்பினார்.

"தாடி வைச்ச பாடகர், அவரோ பாண்?"

"ஓம் அண்ணை."

"ரேடியோவில முதல் கேட்ட அண்டைக்கு, ஆரோ களவெடுத்துப்போட்டான் எண்டு நினைச்சன்." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "பாண் எண்டால், அவனும் அந்த அறையில இருந்தவன்தானே."

"கசெட்டை ஏன் அப்பம்மாவுக்கு அனுப்பேல்லை, அப்பா?" என்றாள் அஜந்தினி.

"எப்படி அனுப்புறது? அந்தச் சத்தத்தையும் நாங்கள் விழுந்தடிச்சு ஓடுறதையும் கேட்டால், இங்கையும் குண்டு விழுது எண்டு நினைப்பா. திருப்பி மெட்டைத் தொடங்கேக்க விரல் நடுங்கி, பாதியில இருந்துதான் வந்தது. அதையும் அவன் அப்படியே வைச்சிருக்கிறான்." விரல்களைப் பார்த்தார். "மெட்டு என்ர எண்டு எல்லாருக்கும் சொன்னன். இதைச் சொல்லேல்லை."

"இதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே நம்பியிருப்பாங்க, அங்கிள்" என்றான் நரேஷ்.

"தம்பி, நீர் கட்டிலுக்குக் கீழ கிடந்தனீரோ?"

நரேஷ் தேநீரைக் குடித்தான்.

எமிலியா கனகசபைக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, அவருக்கு விளங்குகிற டேனிஷில் பேசினாள். கண்காட்சியின் முதல் அறையில் இந்தக் கசெட்தான் இருக்க வேண்டும் என்றாள். அவருடைய பெயரோடு, கூடப் பாடியவருடைய பெயரோடு. ஆனால் முழுவதும் ஒலிக்க வேண்டும், வெட்டாமல். வெட்டினால் அது வெறும் கிட்டார், யாரும் நம்பமாட்டார்கள்.

"கூடப் பாடினது மரியதாசன்" என்றார் கனகசபை. "ஒல்லாந்தில இருக்கிறான். அவனிட்டையும் கேக்கவேணும்."

"கேட்போம்."

"அப்ப ஹோலுக்கு வருவியளோ, அப்பா?" அஜந்தினி அவருக்குக் கிட்ட வந்து உட்கார்ந்தாள். "நான் மைக்கைப் பிடிச்சு எல்லாருக்கும் சொல்லுவன். முதல் ஆளா நான் சொல்லுவன்."

அவர் ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தார். கசெட்டை வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே வைத்தார்.

"பிள்ளை, நான் கட்டிலுக்குக் கீழ ஓடுறதைக் கேட்டால், அவையள் சிரிப்பினமோ?"