கங்கைக்கரை என்று எழுதப்பட்ட படம்

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டரை மணி. போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எந்த நிறுவனம் எதற்கு வருகிறது என்று கேட்பதை எங்கள் ஊர் நிறுத்திவிட்ட காலம். இந்தியாவிலிருந்து ஒருவர் புகைப்படக் கண்காட்சி வைக்கிறார், மூன்று நாளைக்கு மொழிபெயர்க்க ஒரு பட்டதாரி வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அந்தப் பட்டத்துக்கு வேறு வேலை கிடைக்காததால் போனேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நல்லரத்தினம் அண்ணன் கூடத்தின் மூலையில் குந்தியிருந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மழையும் இல்ல, ஓடும் ஒழுகல்ல," என்றார் நிமிராமலே. "நேத்து இந்தப் படத்த மாட்டினதில இருந்து இதுக்குக் கீழ மட்டும் தண்ணி. துடைக்கிறன், மறுகா ஊறுது. நீ படிச்ச புள்ளதானே, என்னெண்டு சொல்லு பாப்பம்."

சிரித்துவிட்டு மற்றப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். 'வங்கத்தின் தெருக்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டிராம் வண்டியின் படியில் தொங்கும் மனிதர்கள். மண் குவளையில் ஆவி பறக்கும் தேநீர். கைரிக்ஷா இழுப்பவரின் வெடித்த குதிகால். இன்னும் கண் வரையாத துர்க்கைச் சிலைகள் காய்கிற ஒரு சந்து. நல்ல படங்கள்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒன்றிலிருந்து ஒன்றாக நடந்து மூலைக்கு வந்தேன்.

சேற்று வாசம் அடித்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாசம்.

படிக்கட்டில் ஒரு பெண் நின்றாள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. வகிட்டில் குங்குமம். பின்னால் விடியற்காலைத் தண்ணீர். கீழே ஒட்டியிருந்த அட்டையில், 'கங்கைக்கரையில் புதுமணப்பெண், கொல்கத்தா, 2004.'

அவளுடைய இடப்பக்கப் புருவத்தைக் குறுக்கே வெட்டியபடி ஒரு தழும்பு. நான் ஆறு வயதில் தள்ளிவிட்டு, கிணற்றுக்கட்டில் அடிபட்டு வந்த தழும்பு.

அது கங்கை இல்லை. எங்கள் வாவி.

அவள் என் தங்கை கம்சாயினி.

2004 டிசம்பரில் தீபாங்கர் என்ற அந்தப் புகைப்படக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார். நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கி மூன்று மாதம். ஆங்கிலம் பேசுகிற பெண் என்று யாரோ கைகாட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் கம்சாவைப் பார்த்தவர், பையிலிருந்து அந்தச் சேலையை எடுத்தார். தன் ஊர்ப் பெண்கள் உடுத்துவது, அன்பளிப்பு என்றார். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு வகிட்டில் ஏன் குங்குமம் என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். "சும்மா படத்துக்குத்தானே" என்று அடக்கியவள் நான். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார். முழுதாக வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவளும் நான். வாசிக்கத் தெரியும் என்று காட்டினால் போதாதா?

துறைப் படிக்கட்டில் அவளை நிறுத்தினோம். அசைய வேண்டாம் என்று அவர் சொல்வார். "நான் சொல்லுமட்டும் அசையாத" என்று நான் மொழிபெயர்ப்பேன். எடுத்து முடிந்ததும், "போதும் கம்சா, வா" என்பேன். அவளுக்கு அவர் பேச்சு ஒன்றும் விளங்காது. என் சொல்லுக்குத்தான் நின்றாள், என் சொல்லுக்குத்தான் வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டில் மாட்ட ஒரு படம். அனுப்புகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், எட்டரைக்குச் சேலையோடு வரட்டும் என்றார்.

ஞாயிறு காலை எனக்கு நித்திரை விடவில்லை.

"நீ கடற்கரைக்குப் போய் அவர் சொன்ன இடத்துல நில்லு. நான் வாறன்," என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

அன்று டிசம்பர் இருபத்தாறு.

தப்பி ஓடி வந்த ஆட்கள் பிறகு சொன்னார்கள். கடல் எழும்பியதைக் கண்டு ஓடு ஓடு என்று அவளைப் பார்த்துக் கத்தினார்களாம். வெள்ளைச் சேலையோடு நின்றவள், "அக்கா வரட்டும்" என்றாளாம்.

உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு படங்களும் போயின. அம்மா ஒரு வெறும் சட்டம் வாங்கிச் சுவரில் மாட்டினாள். முகம் இல்லாமல் எப்படி விளக்கு வைப்பது என்று ஆறு வருடமாக அதற்கு முன்னால் விளக்கேற்றவில்லை. அந்த முகம் இவ்வளவு நாளும் வேறொரு ஊர்க்காரியாக, வேறொரு ஆற்றங்கரையில், காசு கொடுத்துப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

பத்து மணிக்குத் தீபாங்கர் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நானே சொன்னேன். நினைவு வந்ததும் சந்தோஷப்பட்டார், அதுதான் என்னால் தாங்க முடியாதது. அவருடைய புத்தகத்தின் அட்டையே அவள்தானாம். வங்காளிகளே நம்பிவிட்டார்களாம். அது உங்களுக்குப் பெருமை இல்லையா என்று கேட்டார்.

அவள் இறந்துவிட்டாள் என்றேன். எப்போது என்று கேட்டார், கடல் எழும்பிய ஞாயிறு என்றேன். அந்த ஞாயிறு நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வானம் மூட்டமாகும்போல் இருந்தது. சனி இரவே கொழும்புக்குப் போய்விட்டேன்," என்றார். "யாரிடமாவது சொல்லியிருக்கலாம்தான்."

அம்மாவுக்கு அந்தப் படம் வேண்டும் என்றேன். இது விற்றாகிவிட்டது, ஊருக்குப் போய் ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார். அதே வார்த்தை. ஆறு வருடத்துக்குப் பிறகும் அதே முகம்.

பிறகு பத்திரிகைக்குத் தேவை என்று தன் கமராவை நல்லரத்தினம் அண்ணனிடம் கொடுத்து, படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். சப்பாத்துக்குக் கீழே தண்ணீர் பரவியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். படத்தில் சேலையின் கரை கறுத்திருந்தது. ஈரம் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கண் கமராவைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தது.

எப்போது சொல்வாய் என்று கேட்கிற பார்வை.

"போதும் கம்சா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வா."

கண்ணை எடுத்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கமரா சொடுக்கியது. மூலையில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

"புள்ள," நல்லரத்தினம் அண்ணன் கமராவை இறக்கினார். "கிறுகிப் பாரு. படத்துல ஆளக் காணல்ல."

திரும்பினேன். படிக்கட்டு இருந்தது. தண்ணீர் இருந்தது. கங்கைக்கரை என்ற அட்டையும் இருந்தது.

தீபாங்கர் கமராவை வாங்கி, சின்னத் திரையில் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. எனக்குக் காட்டாமலே பைக்குள் வைத்தார்; அதற்குள் திரையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கரை தெரிந்தது. அன்று மத்தியானமே கண்காட்சியை மூடிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இருந்த ஒரே முகத்தையும் நானே சுவரிலிருந்து அழைத்து, அவர் பையோடு அனுப்பிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஐந்து வாரம் கழித்துக் கொல்கத்தாவிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. தொட்டபோது ஈரம். உள்ளே ஐந்து படங்கள்.

முதலாவது, டிராம் போகும் தெரு. தூரத்துக் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவது, தேநீர்க் கடை. மர வாங்கில் இருப்பவர்களுக்குப் பின்னால் ஈரச் சேலையோடு ஒருத்தி. மூன்றாவது, மீன் சந்தை. தராசுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நான்காவது, சிலை செய்யும் சந்து; கண்ணில்லாத களிமண் முகங்களுக்கு நடுவில் கண்ணுள்ள ஒரு முகம்.

கூட ஒரு கடதாசி. எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அவள் வருகிறாள், ஒவ்வொன்றிலும் கிட்ட வருகிறாள், கடைசிப் படம் தன் வீட்டு வாசல், தன்னிடம் ஏதோ கேட்கிறாள், அவள் பேச்சு தனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். அவளிடம் என்ன சொன்னால் போவாள் என்று கேட்டிருந்தார்.

நான் பதில் போடவில்லை. என் தங்கை நின்றாளே, அப்படி அவரும் காத்து நிற்கட்டும்.

ஐந்தாவது படத்தில் வாசலே தெரியவில்லை. முகம் மட்டும். புருவத் தழும்பு. வகிட்டுக் குங்குமம் தண்ணீரில் கரைந்து மூக்கு வழியே இறங்கியிருந்தது. அம்மா அந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்துக்குள் வைத்தாள், ஆறு வருடத்துக்குப் பிறகு விளக்கேற்றினாள். அன்று நானும் அம்மாவும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை. நான் போர்வைக்குள் இருந்தேன். சேற்று வாசம் அறைக்குள் வந்தது. கூடத்தில் அம்மா தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. யாருடனோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அம்மா வாசல் சீலையை விலக்கினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"எழும்பு புள்ள," என்றாள். "எட்டரையாகுது. கம்சா வெளிக்கிட்டு நிக்கிறாள். நீ எப்ப வாறாய் எண்டு கேக்கிறாள்."