இவாதான்

காரின் இடப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது.

முதலில் கீர்த்திகா அதைத் தூசி என்றுதான் நினைத்தாள். சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற வீட்டில், தூசி படியாத பொருள் ஒன்றும் கிடையாது. ஆனால் இது சுத்த வெள்ளையாக இருந்தது, விரலால் தொட்டபோது நொறுநொறுத்தது, கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து காய்ந்த கோடுகளாகக் கதவு வரை இறங்கியிருந்தது, மூக்கருகே கொண்டுபோனபோது வற்றுக் காலத்துக் கடற்சேறும் அழுகிய சாதாளைப் பாசியும் கலந்த மணம் அடித்தது. மழை நின்று பல நாட்கள். கடல் இங்கிருந்து எட்டத்தில்.

அவள் வேலை செய்வது யாழ்ப்பாண நகரத்தில், கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில். கண்ணாடியைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, சில்வர் நைத்திரேற்று ஒரு துளி விட்டுப் பார்த்தாள். சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் என்றால் லேசாகக் கலங்கும். இது தயிராகத் திரண்டது.

"என்னப்பா, உதென்ன கடல் தண்ணியோ?" பக்கத்து மேசை உதயகலா எட்டிப் பார்த்தாள். "எந்த ஊர்க் கிணறு உவ்வளவு கெட்டுப்போச்சு?"

"ஒரு கிணறு" என்று சொல்லிக் கீர்த்திகா அதைத் தொட்டிக்குள் ஊற்றினாள்.

அவள் பண்ணைக் கடல் பக்கம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலணைத் தீவுக்குப் பரிசோதனைத் தண்ணீர் எடுக்கப் போகும் முறை வந்தபோதெல்லாம் தலையிடி என்று தட்டிக் கழித்திருந்தாள்.

கிறிஸ்ரியை அப்போது யாழ்ப்பாணம் முழுக்கத் தெரியும். குருநகர்ப் பொடியன். ஐஸ் கொம்பனியில் வேலை. பிரான்ஸிலிருந்த தமையன் அனுப்பிய சின்னக் கமராவை ஹெல்மெற்றில் பூட்டிக்கொண்டு சைக்கிளில் திரிவான். யாராவது வெட்டி ஓடினால், சிக்னல் போடாமல் திருப்பினால், அவனைத் தெருவோரக் கானுக்குள் ஒதுக்கினால், துரத்திக்கொண்டு போவான். சைக்கிள்காரன் காரைப் பிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. கார் எங்கேயாவது நிற்க வேண்டும். சந்தியில் நிற்கும்போது இடப்பக்க யன்னலில் வந்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். தூஷணம் பேசமாட்டான். குரலும் உயராது. "அண்ணை, நான் உங்கடை பின்னாலைதான் வந்தனான்" என்று தொடங்கி, செய்த பிழையைச் சொல்வான். பிறகு கமராவை முதலில் நம்பர் பிளேற்றுக்குக் காட்டுவான். அங்கிருந்து மெதுவாக முகத்துக்குக் கொண்டுவருவான். கடைசியில் ஒரு சொல்.

"இவர்தான்."

அவ்வளவுதான். அன்று பின்னேரமே அது பேஸ்புக்கில் வந்துவிடும். மினிபஸ்காரர்கள்கூட அவனைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார்கள் என்று சனம் சொல்லிச் சிரிக்கும்.

ஒரு நாள் அந்த யன்னல் கீர்த்திகாவுடையதாக இருந்தது. போனில் கதைத்துக்கொண்டே திருப்பி அவனை மதிலோடு நெரித்துவிட்டாள். பிழை அவளுடையதுதான், அது தட்டும்போதே தெரியும். மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த வீடியோவை நூறு பேர் பார்த்து மறந்திருப்பார்கள். அவள் கேட்டது வேறு.

"நீ ஆரடா என்ரை கண்ணாடியிலை தட்ட?"

"நான் ஒருத்தரும் இல்லை அக்கா. சைக்கிளிலை போறவன்." நம்பர் பிளேற். முகம். "இவாதான்."

அதற்குப் பிறகு, பெண்ணுக்காக 'இவா' என்று மாறிய அந்தச் சொல் அவள் போகிற இடமெல்லாம் அவளுக்கு முன்னே போய்க் காத்திருந்தது. ஆய்வுகூடத்தில் பொடியள் "இவாதான் வாறா" என்று காதில் விழக் கதைத்தார்கள். லண்டனிலிருந்து மச்சாள் வீடியோவை அனுப்பிச் சிரிக்கும் முகம் போட்டாள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள்: "இஞ்சை பாரடி, உவாவெல்லோ அந்த இவாதான்!" இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கீர்த்திகா வெங்காயத்தை வாங்காமலே வந்தாள். இரவில் படுத்தால், அந்த மெதுவான, மரியாதையான குரல்தான் கேட்கும். அவன் கத்தியிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். இது அடியில் போய்த் தங்கியது.

தை மாதத்து மழைப் பொழுதொன்றில் வேலணையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். தீவையும் நகரத்தையும் இணைக்கிற பண்ணைத் தெருவின் இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடந்தது, போத்தல்கள் பின்சீற்றில் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன, துடைப்பான் விலக்கிய இடைவெளியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. ஹெல்மெற்றின் மேலே கட்டி மாதிரி ஒரு கமரா. வேறு வாகனம் ஒன்றும் இல்லை.

வெருட்ட வேண்டும். அதுதான் எண்ணம். உரசாமல் போக ஒரு சாண் இடம் இருந்தது. அவள் அந்தச் சாணையும் எடுத்தாள்.

இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. விழும்போது அவன் தலை அவளை நோக்கித் திரும்பியது. சிவப்பு விளக்கு தெருவோரக் கல்லணைக்கு மேலால் போய், கீழே போய், இல்லாமல் போனது. பயம் வரத்தான் வந்தது. ஆனால் அதற்கு முதல், ஒரு கணம், நாக்கின் அடியில் ஊறியது இனிப்பு.

அவள் நிற்கவில்லை.

மறுநாள் மீனவர்கள் கடலில் கட்டியிருந்த களங்கண்ணி வலையில் அவன் உடலை எடுத்தார்கள். ஹெல்மெற் கிடைக்கவில்லை. நகரம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் தொங்கின. தாய் லூர்த்தம்மா பின்னேரங்களில் பண்ணையில் வந்து நின்று, போகிற ஒவ்வொரு வாகனத்தையும் பார்க்கிறாளாம். கீர்த்திகா ஊருக்குத் தெரியாத சின்னக் கராஜாகப் பார்த்துச் சுன்னாகத்தில் புதுக் கண்ணாடி போட்டாள். கேட்டவர்களிடம் மாடு முட்டினது என்றாள்.

அந்தப் புதுக் கண்ணாடியில்தான் இப்போது உப்பு.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில நாட்களில், உதயகலா போனை நீட்டினாள். "இஞ்சை பாரும், உந்தப் பொடியன்ரை பேஸ்புக் பக்கத்திலை புதுசா ஒரு வீடியோ வந்திருக்கு."

பச்சையும் சாம்பலும் கலந்த இருட்டு. மேலே எங்கேயோ ஒரு வெளிச்சம் நெளிந்தது. சாதாளை ஒன்று கமராவுக்குக் குறுக்கே மெல்லப் போய் மெல்ல வந்தது. இரைச்சல். பிறகு, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு கதைப்பதுபோல ஒரு சொல்.

"அவாதான்."

"பழைய வீடியோ ஏதும் சொந்தக்காரர் போட்டிருப்பினம்" என்றாள் உதயகலா. "பாவம், அந்தத் தாய்."

ஒரு மாதமாக உப்புத் தண்ணீரில் கிடக்கிற கமராவின் மின்கலம் வேலை செய்யாது. கீர்த்திகாவுக்கு அது தெரியும். அவளைப் பிடித்துக்கொண்டது அதுவல்ல, சொல்தான். அவன் ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை, 'இவர்' என்றுதான் சொல்வான், ஆள் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால். அவா என்றால் தூரத்தில் இருக்கிறவள். அப்படியென்றால் இன்னும் தூரம் இருக்கிறது. அந்த நினைப்பில் அவளுக்கு ஆறுதல் வந்தது. வந்த பிறகுதான், எதை நம்பி ஆறுதல் பட்டாள் என்பது உறைத்தது.

மறுநாள் பின்னேரம், விளக்கு வைத்த பிறகு, கணவன் கஜானன் சாப்பாட்டு மேசையில் இருந்து புட்டைக் குழைத்துக்கொண்டு போனைப் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்று குழம்பு விட்டாள். போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிதிக்காமல் ஓடவிட்ட சைக்கிளின் பின்சில்லுச் சத்தம். கிர்ர்ர் என்று, இடைவிடாமல்.

"இருட்டா ஒரு ஒழுங்கை" என்றான் அவன். "புகையிலைத் தோட்டம். இது எங்கடை ஒழுங்கை மாதிரியெல்லோ கிடக்கு?"

திரையில் அவர்களுடைய வாசற் படலை வந்தது. நீலப் படலை. அதற்குள் வெள்ளைக் கார். அதற்கு அப்பால் வெளிச்சமான யன்னல் ஒன்று, யன்னலுக்குள் மேசையில் ஒரு ஆண், பக்கத்தில் ஒரு பெண்.

"உவாதான்" என்றது குரல்.

கஜானன் சிரித்தான். "உவாவாம். ஆர் உவா? நீரோ?" சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது.

கேட்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் உவா என்பார்கள்.

அவன் கை கழுவாமல் எழும்பி ரோச் லைற்றோடு வெளியே போனான். திரும்பி வந்தபோது, கார்க் கண்ணாடியைத் தொட்ட விரல்கள் ஈரமாக இருந்தன. அவற்றை மணந்து பார்த்தான்.

"மாடு முட்டினது எண்டனீர்."

"ஓம்."

"எவடத்திலை?"

குழம்புச் சட்டியில் அகப்பை மெல்லச் சாய்ந்தது.

"கீர்த்தி, அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் அங்கை வந்து நிக்குது." அவன் விரல்களைச் சாரத்தில் துடைத்தான். "நாளைக்குக் காலமை பொலிசுக்குப் போவம். நானும் வாறன்."

"நான் போகமாட்டன்."

"ஏன்?"

"அவன் என்னை ஊருக்கெல்லாம் காட்டினவன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

கஜானன் கதிரையைப் பிடித்துக்கொண்டான். "உவா எண்டு அவன் என்னட்டையெல்லோ சொல்லியிருக்கிறான்" என்று தனக்குள் சொன்னான். அவளைப் பார்க்கவில்லை.

அவள் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தாள். கண்ணாடி மாற்றியது தெரிந்த ஆள் இன்னும் ஒருவன்தான், சுன்னாகத்துக் கராஜ்காரன். அவன் கடை பூட்ட நேரம் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவன் வாயையும் அடைத்துவிட்டால், கஜானனிடம் ஒரு சொல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

ஒழுங்கை தாண்டி ரோட்டில் ஏறினாள். யன்னல்கள் நான்கும் பூட்டி. தோட்டங்களிலிருந்து பச்சைப் புகையிலையின் காரமான மணம் வந்தது, தண்ணீர் இறைக்கும் மோட்டர்களின் சத்தம் வந்தது, கடை வெளிச்சங்களும் கோயில் வெளிச்சமும் வந்து வந்து போயின. எல்லாம் வழக்கம்போல. அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

கிர்ர்ர்.

இடப்பக்கத்தில். கதவோடு ஒட்டி. வேகத்தைக் கூட்டினாள். அதுவும் கூடியது. லொறி ஒன்றை முந்தினாள். அதுவும் முந்தியது. புதுக் கண்ணாடியில் ஒரு சின்ன வெள்ளை வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. நடுக் கண்ணாடியில் பார்த்தாள். வெறும் ரோட்டு.

நிற்காவிட்டால் பிடிக்க ஏலாது. பண்ணையிலும் அவள் நிற்கவில்லை. சந்தியில் சிக்னல் போடாமல் திருப்பினாள். ஒரு கிழவனின் சைக்கிள் தடுமாறியது. யாரோ ஏசினார்கள். நிற்கவில்லை.

மீன் மணம் இல்லை. சேற்று மணம். காருக்குள்.

சுன்னாகம் வந்தது. புகையிரதக் கடவையில் மணி அடித்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. தாண்டிவிட அவள் அக்சிலறேற்றரை மிதித்தாள். முன்னால் ஓட்டோ நின்றது. அதற்கு முன்னால் கேற் விழுந்தது.

நின்றாள்.

கிர்ர்ர் நின்றது.

கியருக்குப் பக்கத்தில் கிடந்த அவளுடைய போன் தானாக ஒளிர்ந்தது. திரையில் ஒரு நம்பர் பிளேற். அவளுடையது. படம் மெதுவாக மேலேறியது. பின்கதவு. முன்கதவு. துளி துளியாகத் தண்ணீர் வழியும் யன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே, சிவப்பு வெளிச்சத்தில், ஒரு பெண்ணின் பக்க முகம்.

டக். டக்.

திரும்பினாள். யன்னலில் ஒருவரும் இல்லை. கண்ணாடி காய்ந்து கிடந்தது.

திரையில் அந்தப் பெண்ணும் திரும்பியிருந்தாள். நேரே பார்த்தாள்.

"அக்கா." அதே குரல். மெதுவாக. மரியாதையாக. "நான் உங்கடை பின்னாலைதான் வந்தனான்."

கோச்சி வந்தது. பெட்டி யன்னல்களின் வெளிச்சம் காருக்குள் விழுந்து விழுந்து போனது. இடப்பக்கச் சீற் வெறுமை. வெறுமை. ஈரம். வெறுமை. சீற்றின் நடு பள்ளமாக அமுங்கியிருந்தது.

கதவைத் திறக்கப் பார்த்தாள். திறபடவில்லை.

திரையில் இப்போது துளிகள் இல்லை. கண்ணாடி இல்லை. முகம் மட்டும். பக்கத்தில். மிகப் பக்கத்தில். காதோரத்து மயிர்கூடத் தெரிந்தது.

டக். டக்.

இந்த முறை, அவள் கன்ன எலும்பில்.

"இவாதான்."

கோச்சி போய்விட்டது. கேற் உயர்ந்தது. ஓட்டோ போனது. பின்னால் கோர்ன் அடித்தார்கள். திரையின் அடியில், வீடியோவைப் பார்க்கிற ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கீழே ஒருவராக எல்லோரும் அந்த ஒரு சொல்லையே எழுதினார்கள்.

திரையில் அவளுடைய வாய் திறந்திருந்தது. உதட்டு விளிம்பு வரை தண்ணீர் நின்றது. ஆழத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

நாக்கின் அடியில் உப்பு ஊற, கீர்த்திகா வாயை மூடக் கையைத் தூக்கினாள்.

திரையில் இருந்தவளின் கை அசையவில்லை.